இரண்டாம் மாடிக்குப் புது மேனேஜர்

உட்காருங்கள் என்று சொல்லிவிட்டுச் சின்ன முதலாளி போய்விட்டார். செண்பகவல்லியும் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் கால்கள் உட்காரவில்லை. சுற்றினால் சுற்றுகிற கறுப்பு நாற்காலி அது. நேற்றுவரை பழைய மேனேஜர் நயினார் சார் சாய்ந்து சாய்ந்து முதுகுப்பக்கத்துத் தோல் ஓரிடத்தில் மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பில், அடுத்த ஸ்டாப்பில் இறங்கப்போகிறவள் பஸ் சீட்டில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் இருந்தாள். பாதங்கள் தரையைத் தேடித் தேடி ஊன்றிக்கொண்டன. பதினெட்டு வயதில் இந்தப் பட்டு செக்‌ஷனில் வந்து நின்றவள், நின்றே முப்பத்தாறு வயதாகிவிட்டவள். நடுவில் கல்யாணம் ஆனது, பிள்ளை பிறந்தது, பிள்ளை பள்ளிக்கூடம் போனது. அதெல்லாம் கடைக்கு வெளியே நடந்தவை. கடைக்குள் அவளுக்கு நடந்தது நிற்பது ஒன்றுதான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டாம் மாடி முழுக்கத் தெரிந்தது. கீழிருந்து சாம்பிராணிப் புகை படியேறி வந்துகொண்டிருந்தது. ஏசி போட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்ததால், ராத்திரியெல்லாம் பூட்டிக்கிடந்த புதுச்சேலைகளின் கஞ்சி வாசம் இன்னும் கலையவில்லை. யூனிஃபார்ம் சேலையில் பிள்ளைகள் ரேக்குக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். அந்த வரிசையில், தூணை ஒட்டிய இடத்தில் பாக்கியசீலி நின்றாள். அவளைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். நினைத்ததும் கண் அங்கேதான் போனது. இரட்டைநாடி உடம்பு, காதோரம் நரை, மூக்குக்கண்ணாடி. கழுத்துச் சங்கிலியில் சின்னச் சிலுவை. சின்ன முதலாளி சொன்னது காதுக்குள் இன்னும் நின்றுகொண்டிருந்தது. “மேடம், ஒரு சின்ன சேஞ்ச். அந்த பாக்கியசீலி இருக்காங்கள்லா, அவங்கள குடோனுக்கு மாத்திருங்க. பட்டுக்கு வாரது பூராவும் கல்யாண வீட்டுக்காரங்க. நிக்கிற ஆளப் பாத்தா ஒரு ஃப்ரெஷ்னஸ் வேணும். மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னாடி சொல்லிருங்க. நீங்க சொன்னா அவங்க மனசு கஷ்டப்படாது. பழகுன ஆளுதான நீங்க.”

பழகுன ஆளு. அந்தச் சொல்லை எடுத்து மடித்து வைக்கப் பார்த்தாள், மடிப்புக்கு அது அடங்கவில்லை. ஃப்ரெஷ் என்கிற சொல் அதைவிட மோசம். பாலுக்குச் சொல்வார்கள், மீனுக்குச் சொல்வார்கள், செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு. பாக்கியசீலிக்கு என்ன வயது, தன்னைவிட இரண்டு வயதுதான் கூட. அப்படியானால் இன்னும் இரண்டு வருஷத்தில், என்று மனசு ஒரு அடி வைத்தது. அவள் அதை அப்படியே பிடித்து நிறுத்தினாள். அதை இப்போது யோசிக்க வேண்டாம். இப்போது யோசிக்க வேண்டியது எப்படிச் சொல்வது என்பது மட்டும்தான். ஏ பாக்கியம், இங்க வா. இல்லை. பாக்கியசீலி, உங்ககிட்ட ஒரு விஷயம். உங்ககிட்டயா? இந்தப் பதினெட்டு வருஷத்தில் ஒருநாளாவது அவளை நீங்க என்று சொன்னதுண்டா? வேலைக்குச் சேர்ந்த முதல் நாள்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு ஆடித் தள்ளுபடி. கோவில்பட்டியில் பஸ் ஏறி வந்து, ஒரு டம்ளர் காப்பியை மட்டும் குடித்துவிட்டுக் கடைக்குள் நுழைந்து, பத்து மணிக்கெல்லாம் கூட்டத்தின் வேர்வையும் மல்லிகைப்பூவும் சேர்ந்து முகத்தில் அடிக்க, கண்ணுக்கு முன்னால் சேலை எல்லாம் ஒரே நிறமாகிக் கலங்கிக்கொண்டு வந்தது. உட்கார ஒரு முக்காலி கிடையாது அப்போது. உட்காரக் கூடாது என்று எங்கேயும் எழுதிப்போடவில்லை, ஆனால் யாரும் உட்கார்ந்ததில்லை. பின்னால் சட்டம் வந்து ஸ்டூல் போட்டார்கள். இன்றைக்கும் அந்த ஸ்டூல்களின் மேல் மடிக்காத சேலைகள்தான் உட்கார்ந்திருக்கின்றன. அன்று விழப்போன நேரத்தில் பக்கத்தில் நின்ற பெண் சட்டென்று ஒரு சேலையை உதறி அகலமாகப் பிடித்துக்கொண்டு, திரும்பாமலே சொன்னாள். “ஏட்டி, எனக்குப் பின்னால கீழ உக்காந்துக்க. நான் மறச்சுக்கிடுதேன். மேனேஜர் வந்தா இருமுவேன், எந்திச்சிரு.” பெயர்கூடக் கேட்கவில்லை, அதுதான் பாக்கியசீலி. அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில், அவளுடைய பாவாடை விளிம்பும் வெடித்த குதிகாலும் கண்ணெதிரே இருக்க, சிமென்ட் தரையின் குளிர்ச்சியில் உட்கார்ந்திருந்த அந்தக் கொஞ்ச நேரம். மேலே அவள் குரல், யாரோ ஒரு பெரியம்மாளிடம், இந்த அரக்கு உங்க நிறத்துக்கு எடுத்து வச்ச மாதிரி இருக்கும்மா என்று சொல்லிக்கொண்டே போனது. ஒரு வீட்டுக்குள் படுத்துக்கொண்டு வாசலில் யாரோ பேசுவதைக் கேட்பது மாதிரி இருந்தது.

கதவைத் தட்டாமல் உள்ளே வந்த பிள்ளை ஒருத்தி, தட்டாததை நினைத்துக்கொண்டு மறுபடி வெளியே போய்த் தட்டினாள். “மேடம், காஞ்சிபுரம் பார்சல் வந்திருக்கு, எங்க இறக்கட்டும்னு கேக்காங்க.” செண்பகவல்லி எழுந்து நின்று பதில் சொன்னாள். நின்ற பிறகுதான் எழுந்தது தெரிந்தது. அந்தப் பிள்ளையும் அதைக் கவனித்தாளோ என்னவோ, சிரிப்பை உதட்டுக்குள் மடக்கிக்கொண்டு போனாள். இந்த வயதுச் சிரிப்பு. ஹாஸ்டலில் கேட்காத நேரமே கிடையாது இந்தச் சிரிப்பு. கடைக்குப் பின்னாலிருக்கிற அந்த மஞ்சள் கட்டடம், மேல்மாடியில் நீளமான ஒரே ஹால், சுவரோரமாகத் தகரப்பெட்டிகள், பெட்டிக்கு மேல் பாய், பாய்க்கு மேல் தலையணை. குழாயடியில் வாளி வரிசை. கடை திறக்கும் முன்னால் கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் மொட்டைமாடிக்கு ஏறிப்போய்த் தலை காயவைப்பார்கள். அங்கிருந்து பார்த்தால் ஜங்ஷனில் ரயில் வந்து நிற்பது தெரியும். எந்த ரயில் எந்த ஊருக்கு என்று பாக்கியசீலி சொல்லிக்கொண்டிருப்பாள். பாதி பொய்யாக இருக்கும். “இது நேரா பம்பாய்க்குப் போகும்ட்டி. அங்கன போயி ரெண்டு பேரும் சொந்தமா ஒரு கடை போடுவோம். வாரவ போறவ எல்லாருக்கும் சேர் போட்டு, நம்மளும் சேர் போட்டு உக்காந்துக்கிட்டு, வேணும்னா எடு, வேணாம்னா போன்னு சொல்லுவோம்.” கிறிஸ்மஸுக்கு நாசரேத் போய்விட்டு வரும்போது ஒரு டப்பா நிறைய முந்திரிக்கொத்து கொண்டுவருவாள். ஹால் முழுவதும் பங்கு வைத்த பிறகு, ஒன்றைத் தனியாகத் தாவணித் தலைப்பில் முடிந்து வைத்திருந்து, மறுநாள் கவுண்டருக்குப் பின்னால் குனிந்து எதையோ எடுக்கிற சாக்கில் அவள் வாய்க்குள் திணிப்பாள். பல்லில் ஒட்டிக்கொண்ட பாசிப்பயறு மாவோடு, வாயைத் திறக்காமல், கஸ்டமரைப் பார்த்துச் சிரித்த நாட்கள். தீபாவளி வியாபாரம் முடிந்த இரவுகளில் எல்லாரும் வரிசையாகப் படுத்துக்கொண்டு வீங்கின கால்களைச் சுவரில் சாய்த்து வைப்பார்கள். வெள்ளைச் சுவரில் பாதங்களாக நிற்கும். அழுகையா சிரிப்பா என்று தெரியாத சத்தம் ஒரு மூலையில் தொடங்கி ஹால் முழுக்கப் பரவும். கஷ்டம்தான். இப்போது யாராவது கேட்டால் கஷ்டம் என்றுதான் சொல்வாள். தன் மகளை அப்படி ஒரு ஹாலுக்கு அனுப்புவாளா? மாட்டாள். அப்படியிருந்தும் அந்த ஈரத்தலை வாசம் இந்தக் கண்ணாடி ரூமுக்குள் எங்கிருந்தோ வந்து நிற்கிறதே, இது என்ன நியாயம்?

ஃப்ளோருக்குள் இறங்கி நடந்தாள். மேனேஜர் நடக்க வேண்டும், நயினார் சார் நடப்பார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார், அது ஆம்பிளைகளுக்கு. தன் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. முந்தானையைப் பிடித்தாள், விட்டாள், ரேக்கிலிருந்த ஒரு சேலையின் மடிப்பைச் சரிசெய்தாள். உடனே அந்த ரேக்குக்குப் பொறுப்பான பிள்ளை முகம் வாடினாள், தப்புக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று. அது தப்புக் கண்டுபிடிப்பதில்லை தாயி, கை அரிப்பு, என்று சொல்லத் தோன்றியது. அவள் ஒரு ரேக்கைக் கடந்து போகும்போதெல்லாம் பேச்சு அணைந்து, கடந்த பிறகு பற்றிக்கொண்டது. இந்தச் சத்தமின்மை அவளுக்குத் தெரியும். இதற்குள் நின்றிருக்கிறாள். வெளியிலிருந்து கேட்டதில்லை, அவ்வளவுதான். தூணருகே வந்தாள். பாக்கியசீலி ஒரு மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்துக்குப் பட்டு காட்டிக்கொண்டிருந்தாள். வந்திருந்த தகப்பனார் சோபாவில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். சேலையைப் போடுகிற வாக்கிலேயே செண்பகவல்லியின் காதருகில் வந்து, “என்னட்டி, இந்த ரோஸ் கலர் சேலை புதுசா? நல்லா இருக்கு உனக்கு. கொஞ்சம் நிமிந்து நட, யாரும் உன்னிய அடிக்க வரல” என்று சொல்லிவிட்டு, சொன்னதே தெரியாமல், “இது முந்தி பாருங்கம்மா, முந்தியில முழுக்க மயில்” என்று திரும்பிக்கொண்டாள். அந்த ஒரு கணம் எல்லாம் சரியாக இருந்தது. மேனேஜர் வேலை, கண்ணாடி ரூம், சின்ன முதலாளி, எதுவும் நடக்காத மாதிரி. சொல்ல வந்ததைச் சொல்லாமல் அடுத்த ரேக்கைப் பார்க்கிறவள்போல நகர்ந்து, மறுபடி வந்து, மறுபடி நகர்ந்தாள்.

டிரையல் ரூம் பக்கம் போனாள். மூன்று கதவு, கடைசிக் கதவுக்குத் தாழ்ப்பாள் இன்னும் சரியில்லை. அந்தக் கதவுக்குப் பின்னால்தான் அவள் பி.காம். படித்தாள். தபாலில் வந்த புத்தகங்களைத் தாள் தாளாகப் பிரித்து, பிளவுஸுக்குள் நாலாக மடித்து வைத்துக்கொண்டு வந்து, மத்தியானம் கூட்டம் குறைகிற நேரத்தில் உள்ளே போய், கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டு படிப்பாள். கண்ணாடிக்குள் இன்னொருத்தி எதிரில் நின்று அதே தாளை இடம்வலமாகப் படிப்பாள். வெளியே பாக்கியசீலி இரண்டு பேர் வேலையைப் பார்த்துக்கொண்டு, கேட்கிறவர்களுக்கெல்லாம் பொய் சொல்லிக்கொண்டிருப்பாள். அவளுக்கு வயித்துவலி சார். அவ தண்ணி குடிக்கப் போயிருக்கா சார். இப்பத்தான் கீழ மேட்சிங் பிளவுஸ் எடுக்கப் போனா, நீங்க வர்றதுக்கு முன்னாடிதான் சார். “எனக்கு அந்த எழவு கணக்கெல்லாம் ஏறாதுட்டி. நீ படி. ஒருத்தியாவது படிச்சா போதும்” என்பாள். பரீட்சை முடிவு வந்த அன்றைக்கு ஹாஸ்டல் முழுக்கப் போய்ச் சொன்னது அவள்தான், தானே பாஸான மாதிரி. அந்தப் படிப்பினால்தான் இன்றைக்கு நாற்காலி. அந்த நாற்காலியிலிருந்து செய்யச் சொன்ன முதல் வேலை இது. குடோன் கீழே இருக்கிறது, தரைக்கும் கீழே. ஜன்னல் கிடையாது. மூட்டைச் சாக்கும் அட்டைப்பெட்டியும் தூசியும். பாக்கியசீலிக்கு இளைப்பு உண்டு. ஒரு வருஷம் ஸ்டாக் எடுக்கிற நேரத்தில் அங்கே இறங்கிப்போய்விட்டு, நெஞ்சு விசில் அடிக்க, படியில் உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்துப்போனது. செண்பகவல்லி அவளை ஆட்டோவில் போட்டுக் கொண்டுபோகும்போது, மூச்சுக்கு மூச்சு இடைவெளியில், “ஏட்டி, செருப்ப அங்கனயே விட்டுட்டேன், எடுத்து வையி” என்றாள். அன்றைக்கு இவள் பயந்த பயம். அவள் கை எவ்வளவு சில்லென்று இருந்தது. வெளியே போகிற காற்றைப் பிடித்து அவள் மூக்குக்குள் தள்ள முடியாதா என்று இருந்தது. அந்தக் குடோன். சின்ன முதலாளிக்கு இது தெரியாது. தெரிந்தால் மாற்றிக்கொள்வாரா? இல்லை, அப்படியானால் வேலையை விட்டே நின்றுகொள்ளட்டும் என்பாரா? அதுதான். கேட்டால் அப்படித் திரும்பிவிட்டால்? கேட்காமல் குடோனுக்குப் போனாலாவது, இன்றைக்கும் ஹாஸ்டலிலேயே இருக்கிற அவளுக்கு அங்கே ஒரு பாய் இருக்கும். அவளுக்கு அந்தப் பாயைத் தவிர வேறு இடம் எது? அம்மா போன பிறகு நாசரேத்துக்கு யாரைப் பார்க்கப் போவாள்? முதல் நாளே எதிர்த்துப் பேசுகிறவள் என்று தன் பெயர் கெட்டால்? யோசனை டிரையல் ரூம் கதவு மாதிரி, சாத்தச் சாத்தத் திறந்துகொண்டது.

கூட்டம் இறங்கிப்போய், முதல் பந்திப் பிள்ளைகள் டிபன் பாக்ஸோடு மேலே ஏறத் தொடங்கினார்கள். பாக்கியசீலி மட்டும், எடுத்துப்போட்ட சேலைகளை மடித்துக்கொண்டு நின்றாள். “காலையிலருந்து வாரதும் போறதுமா இருக்க” என்றாள், நிமிராமல். “என்னத்தையோ சொல்ல வந்துட்டுச் சொல்லாமப் போற. என்னதுட்டி?” பக்கத்து ரேக்கில் ஒரே ஒரு பிள்ளை இருந்தாள். செண்பகவல்லி தூண் மறைவில் நின்றுகொண்டாள். காலையிலிருந்து ஒத்திகை பார்த்த எந்த வாக்கியமும் வரவில்லை. “உன்னிய குடோனுக்கு மாத்தச் சொல்லுதாரு” என்றாள். அவ்வளவுதான் வந்தது. பாக்கியசீலியின் கை நிற்கவில்லை. மடிப்பின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி, காற்றை வெளியேற்றி, இன்னொரு மடிப்பு வைத்தாள். “எனக்குத் தெரியும். அன்னைக்கு அவரு இந்த வழியா போகையில என்னியப் பாத்துட்டு அந்தப் பிள்ளையளப் பாத்தாரு. அப்பமே தெரிஞ்சுபோச்சு. இதுக்குப் போயா இம்புட்டு விசனப்பட்ட? போறேன். அங்கன போனா உக்காரவாவது செய்யலாம்லா.” சிரித்தாள். சிரித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். கண்ணாடியில் ஒன்றும் இல்லை. “உனக்கு இளைப்பு இருக்குலா” என்றாள் செண்பகவல்லி. “அது இருந்துட்டுப் போகுது. நீ முதல் நாளு என்னால பேரைக் கெடுத்துக்கிடாத.”

அப்புறம் நடந்ததை யோசித்துச் செய்தாள் என்று சொல்ல முடியாது. கவுண்டரில் இருந்த போனை எடுத்தாள். கேபினுக்குப் போய்ப் பேசியிருக்கலாம், போகவில்லை. எண்ணை அமுக்கினாள். “சார், செண்பகவல்லி பேசுதேன். பாக்கியசீலி விஷயம். அவங்க இங்கயே இருக்கட்டும் சார்.” அந்தப் பக்கம் சாப்பிடுகிற சத்தம் நின்றது. “ஏன் மேடம்?” “குடோன் தூசி அவங்களுக்கு ஆகாது சார். மூச்சு நின்னு நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அதுவும் போக…” அதுவும் போக என்ன என்று அவளுக்கே தெரியவில்லை. நாக்கு அதைத் தேடிக்கொண்டு போனது. “அதுவும் போக, இந்த ஃப்ளோர்ல யாரு நிக்கணும்ங்கறத நான் பாத்துக்கிடுதேன் சார். அதுக்குத்தான என்னிய இங்க வச்சிருக்கீங்க.” அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “சரி மேடம். முதல் நாள் ஒண்ணு கேக்குறீங்க, இல்லேங்கல. ஆனா தீபாவளிக்கு இந்த மாடி எப்படி ஓடுதுன்னு பாப்பேன். ஓடலைன்னா அவங்களப் பத்தி மட்டும் பேசமாட்டேன்.” போனை வைத்துவிட்டார். அவள் வைக்க மறந்து கொஞ்ச நேரம் கையிலேயே பிடித்திருந்தாள். சிரிப்பு வந்தது. ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்து உலுக்கி, கேட்டியா, கேட்டியாட்டி, என்று கத்த வேண்டும்போல் இருந்தது. திரும்பினாள்.

பாக்கியசீலி சேலையை வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றிருந்தாள். முந்தானையை இழுத்துச் சரிசெய்து, இரண்டு கைகளையும் முன்னால் கோத்து, நயினார் சார் வந்தால் எல்லாரும் நிற்போமே, அந்த நிற்பு. “ரொம்ப தேங்க்ஸ் மேடம்” என்றாள். கேலி எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று செண்பகவல்லி அவள் முகம் முழுவதும் தேடினாள். கண்ணில், உதட்டு ஓரத்தில், எங்கேயும் இல்லை. “என்னட்டி இது, மேடம் கீடம்னுட்டு” என்றாள். பாக்கியசீலி கண்ணால் பக்கத்து ரேக்கைக் காட்டினாள். அங்கே அந்தப் பிள்ளை மடித்த சேலையையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். “அது கேட்டுக்கிட்டு நிக்கிது” என்று மெதுவாகச் சொன்னாள். “எனக்காவப் பேசிட்ட. இனி நான் ஏட்டின்னு கூப்பிட்டா, கூட்டாளிக்காவப் பேசுனதா ஆயிரும். ஒரு பிள்ளையும் உன்னிய மதிக்காது. அவரும் மதிக்கமாட்டாரு.” பிறகு குரலை உயர்த்தி, மாடிக்கே கேட்கிற மாதிரி, “நேரமாயிட்டுல்லா, நீங்க சாப்பிடப் போங்க மேடம். நான் பாத்துக்கிடுதேன்” என்றாள். நீங்க. எவ்வளவு சுலபமாக வருகிறது இவளுக்கு. காலையிலிருந்து தன் நாக்கில் புரளாத சொல்லை இவள் ஒரே வீச்சில் எடுத்து விரித்துவிட்டாள். அன்பு இல்லாமல் சொல்லியிருந்தால் சண்டை போடலாம். அன்போடு சொல்லிவிட்டாள். அதற்கு என்ன செய்ய முடியும்? பம்பாய்க்கு ரயில் ஏறுகிற அந்த இரண்டு பெண்களும் இந்த இடத்தில்தான் இறங்கியிருக்கிறார்கள் என்று தோன்றியது. யாரும் தள்ளிவிடவில்லை. ஒருத்திக்கு ஒருத்தி நல்லது செய்தே இறங்கியிருக்கிறார்கள். “சரி” என்றாள். பிறகு, “சரி பாக்கியசீலி” என்றாள். முழுப்பெயர் வாய்க்குள் கல் மாதிரி புரண்டது.

படியில் ஒரு குடும்பம் ஏறி வந்தது. வெயிலில் சிவந்த முகங்கள், முன்னால் கல்யாணப்பெண், கையில் கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டு வெட்கமும் களைப்புமாக. செண்பகவல்லி மேல்படியில் ஒதுங்கி நின்று வழிவிட்டாள். “வாங்கம்மா, வாங்க. பொண்ணு நீதானாம்மா? இந்தா, முதல்ல தண்ணி குடி” என்று பாக்கியசீலியின் குரல் எழுந்தது. மாம்பழ மஞ்சளில் ஒரு பட்டுச்சேலையை உருவி எடுத்தாள். பட்டுச்சேலையை முழுசாக விரித்துக் காட்ட இரண்டு பேர் வேண்டும். இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி. நடுவில் சேலை தொய்யாமல், இறுகாமல், இரண்டு பேர் கையும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். எதிரில் நிற்கிறவளின் கண்ணைப் பார்த்தாலே அந்த உயரம் வந்துவிடும், அளவு பார்க்க வேண்டியதில்லை. பாக்கியசீலி தலையசைத்ததும் பக்கத்து ரேக்குப் பிள்ளை ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தாள். முதலில் தாழ்த்திப் பிடித்தாள், சேலை ஒரு பக்கமாகச் சரிந்தது. பாக்கியசீலி தன் கையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டாள். சேலை நேரானது. செண்பகவல்லியின் கைகள் இரண்டும், அவள் சொல்லாமலே, மார்பு உயரத்துக்கு எழும்பி நின்றன. யாரும் பார்க்கும் முன்னால் இறக்கிக்கொண்டு, சாப்பிட மேலே ஏறினாள்.